போன் கிடைக்காத இரவில் முடிவு யாருடையது?

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் உள்ள சிறு, நடுத்தரத் தொழிற்சாலைகளில் மேற்பார்வையாளர்களுக்குப் பயிற்சி தருவது என் தொழில். ‘நிச்சயமற்ற எதிர்காலத்துக்கான தலைமைப் பண்புகள்’ என்று பெரிய தலைப்பாக வைத்துத்தான் அழைப்பார்கள். போனதும் நான் கேட்பது ஒன்றுதான்: “இரவு 2 மணி. தண்ணீர் வாசல் படியைத் தொட்டுவிட்டது. மேலாளரின் போன் கிடைக்கவில்லை. மெயின் ஸ்விட்சை அணைக்கும் அதிகாரம் யாருக்கு?” பெரும்பாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

தானே புயலுக்கு முந்தைய மாலை, 2011 டிசம்பர் 29, நான் ஓர் ஆலையில் ஷிப்ட் பொறுப்பாளர். “புயல் நம் பக்கம் வராது, நிம்மதியாக இருங்கள்” என்று தொழிலாளர்களிடம் சொன்னேன். எந்த அறிக்கையும் அப்படிச் சொல்லவில்லை. பொறுப்பில் இருப்பவன் கலங்காமல் பேச வேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்ததைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் விடியற்காலையில் புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவேதான் கரை ஏறியது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்து பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. என் பேச்சை நம்பி இரவு வேலைக்கு நின்ற ஒருவரின் கூரை வீடு போய்விட்டது. மனைவியும் பிள்ளையும் பக்கத்து மாடி வீட்டுக்கு ஓடித் தப்பித்திருந்தார்கள். மூன்று நாள் கழித்து வந்தவர் என்னைத் திட்டவில்லை. “நீங்கள் சொன்னீர்களே சார்” என்றார்.

“எனக்குத் தெரியவில்லை. அடுத்த அறிக்கை வந்ததும் சொல்கிறேன். கூரை வீட்டில் இருப்பவர்கள் இப்போதே கிளம்புங்கள்.” அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்.

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் வந்தபோது, அது புயலாக வலுப்பெற வாய்ப்பில்லை என்று முதலில் சொன்ன வானிலை ஆய்வு மையம், மறுநாளே புயலாகிவிட்டதாக அறிவித்தது. அதைக் கேலி செய்தவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நிலைமை மாறியதும் சொன்னதை மாற்றிச் சொல்வதற்கு ஒரு துணிவு வேண்டும். நம் மேலாளர்களில் எத்தனை பேருக்கு அது வரும்? 30ஆம் தேதி இரவு கரையைக் கடந்த புயல் நகராமல் நின்று, புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 செ.மீ. மழையைக் கொட்டியது. மழை ஓய்ந்ததும் கடலூரில் பலர் பெருமூச்சு விட்டார்கள். டிசம்பர் 2 அன்று சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் பெருக்கெடுத்து வந்தது. கடலையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு முதுகுப் பக்கமிருந்து வெள்ளம்.

அப்போது எனக்குத் தெரிந்த ஓர் ஆலையில் இரவுக் காவலாளி மட்டும் இருந்தார். சரக்கு அறையைத் திறந்து மூட்டைகளை மேலே ஏற்ற ஆட்களைக் கூப்பிட்டிருக்கலாம். அவர் போன் செய்துகொண்டே இருந்தார். விடிந்தபோது மூட்டைகள் ஊறிக் கிடந்தன. “ஏன் நீயாக எதுவும் செய்யவில்லை?” என்று நிர்வாகம் கேட்டது. விசாரித்தேன். அதற்கு முந்தைய வருடம், கேட்காமல் கதவைத் திறந்தார் என்று அதே காவலாளிக்கு மெமோ கொடுத்திருக்கிறார்கள்! பிறகு அவர் எப்படித் திறப்பார்? ஆட்களுக்குப் பொறுப்புணர்ச்சி இல்லை என்று என்னிடம் புலம்பும் முதலாளிகளிடம் பழைய மெமோக்களைத்தான் முதலில் எடுத்துவரச் சொல்கிறேன்.

இப்போது பயிற்சி முடிவதற்குள் ஒரே ஒரு தாள் எழுத வைக்கிறேன். சுற்றுச்சுவரில் ஒரு சிவப்புக் கோடு. மின் பலகைக்குத் தண்ணீர் எட்டுவதற்கு வெகுமுன்பே தொடும் உயரத்தில். தண்ணீர் கோட்டைத் தொட்டால் மின்சாரத்தைத் துண்டிப்பவர், அவர் இல்லாவிட்டால் அடுத்தவர், கடைசியாக அந்த நேரத்தில் அங்கே இருக்கும் யாராக இருந்தாலும். அப்படிச் செய்தவர்மேல் நடவடிக்கை கிடையாது என்று கீழே ஒரு வரி, முதலாளியின் கையெழுத்தோடு.

போன மாதம் ஒரு முதலாளி தாளை இரண்டு முறை படித்தார். “காவலாளி அவசரப்பட்டு அணைத்துவிட்டால் அரை நாள் உற்பத்தி போய்விடுமே?” என்றார். போகும் என்றேன். “யோசித்துச் சொல்கிறேன்” என்று மேசை இழுப்பறையில் வைத்தார். சிவப்புக் கோட்டைப் போட்டுவிட்டார்கள். கையெழுத்து இன்னும் ஆகவில்லை.