மொனாக்கோவில் முகவரி, மூனிச்சில் கட்டில்: விளையாட்டு வீரர்களும் வருமான வரியும்

மொனாக்கோவில் தனிநபர் வருமான வரி கிடையாது. 1869-இல் இளவரசர் மூன்றாம் சார்ல்ஸ் அதை எடுத்துவிட்டார். இரண்டு சதுர கிலோமீட்டர் பரப்பே உள்ள அந்தக் கடலோர நாட்டில் டென்னிஸ் வீரர்களும் கார் பந்தய வீரர்களும் நெருக்கியடித்துக்கொண்டு குடியிருப்பதற்கு வேறு பெரிய காரணம் தேட வேண்டியதில்லை. பேட்டிகளில் வெயிலையும் பயிற்சி வசதியையும் சொல்வார்கள். அது பொய்யல்ல, ஆனால் வெயில் பக்கத்து இத்தாலியிலும் அடிக்கிறது. ஸ்வீடன் டென்னிஸ் வீரர் பியோர்ன் போர்க் 1970-களிலேயே அங்கே போய்விட்டார். பின்னர் நோவாக் ஜோகோவிச், லூயிஸ் ஹாமில்டன் என்று வரிசை நீண்டது.

பணக்காரர்கள் நாட்டை மாற்றிக்கொண்டால் வரி விட்டது என்பது பொதுவான எண்ணம். அதில் பாதிதான் சரி. வரிச் சட்டம் கேட்கும் கேள்விகள் இரண்டு: நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள்? பணம் எங்கே சம்பாதிக்கப்பட்டது? வீடு மாறுவது முதல் கேள்வியை மட்டுமே தீர்க்கும். இரண்டாவது கேள்வி, வீரர் எந்த நாட்டு மைதானத்தில் இறங்கினாலும் அங்கே வந்து நிற்கும்.

குடியிருப்பை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

மொனாக்கோவில் குடியிருப்பு அட்டை வாங்க, சொந்த வீட்டுப் பத்திரமோ வாடகை ஒப்பந்தமோ வேண்டும். போதிய பணம் இருப்பதாக வங்கியின் கடிதம் வேண்டும். குற்றப் பின்னணி இல்லை என்ற சான்று வேண்டும். முதல் அட்டை ஓராண்டுக்குத்தான் செல்லும். ஆனால் அந்த அட்டையை வைத்துக்கொண்டு பழைய நாட்டின் வரித்துறையிடம் போய் ‘நான் இனி உங்கள் ஊர்க்காரன் அல்ல’ என்று சொன்னால் அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டுமே. சிக்கலே அங்கேதான். யார் குடியிருப்பவர் என்பதை ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படிதான் முடிவு செய்கிறது. மொனாக்கோ தரும் அட்டை அதைக் கட்டுப்படுத்தாது.

பலரும் 183 நாள் என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். அரை ஆண்டுக்குக் குறைவாகத் தங்கினால் போதும் என்று நினைப்பது ஆபத்து. பிரிட்டனில் 2013 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதிப்படி, 183 நாள் தங்கினால் சந்தேகத்துக்கே இடமின்றி அந்நாட்டு வரி உண்டு. அண்மை ஆண்டுகளில் அங்கே குடியிருந்தவர் 16 நாளுக்கும் குறைவாகத் தங்கினால் வரி வட்டத்துக்கு வெளியே. நடுவில் உள்ள பெரும் பரப்பில், மனைவி மக்கள் அங்கே இருக்கிறார்களா, தங்க வீடு இருக்கிறதா, வேலை செய்கிறாரா, முந்தைய ஆண்டுகளில் எத்தனை நாள் இருந்தார் என்று ஒவ்வொரு தொடர்பையும் எண்ணிக் கூட்டுகிறார்கள். தொடர்பு கூடக் கூட, அனுமதிக்கப்படும் நாள் குறையும். நாள் கணக்கும் பொதுவாக நள்ளிரவை வைத்துத்தான்: இரவு 12 மணிக்கு நாட்டுக்குள் இருந்தால் அது ஒரு நாள். மாலையில் போட்டியை முடித்துவிட்டு அவசரமாக விமானம் ஏறும் வீரருக்கு எப்போதும் அடுத்த போட்டிதான் காரணம் என்று நினைக்க வேண்டாம்.

ஜெர்மனி இன்னும் கறார். அங்கே ஒருவர் தம் விருப்பப்படி வந்து தங்கக்கூடிய நிலையில் ஓர் இருப்பிடம் வைத்திருந்தாலே போதும். எத்தனை இரவு தூங்கினார் என்பது இரண்டாம்பட்சம். இந்த விதியில்தான் போரிஸ் பெக்கர் மாட்டினார். 17 வயதில் 1985-இல் விம்பிள்டனை வென்றவர், பின்னர் மொனாக்கோவைத் தன் இருப்பிடமாகக் காட்டிவந்தார். ஆனால் 1991 முதல் 1993 வரை அவருடைய உண்மையான இருப்பிடம் மூனிச் என்றது அரசுத் தரப்பு. ஆதாரம் மாளிகை ஒன்றுமல்ல. அங்கே தன் சகோதரி வீட்டின் மேல்தளத்தில் அவர் பயன்படுத்திய அறை. கட்டிலும் சோபாவும் போட்ட எளிய இடம்தான் என்று அவர் தரப்பு சொல்லிப் பார்த்தது. அறை எளிமையாக இருந்தால் வரி இல்லை என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. 2002 அக்டோபரில் மூனிச் நீதிமன்றம் இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்து அதை நிறுத்திவைத்தது. அபராதமும் கட்டச் சொன்னது. அரசுத் தரப்பு கேட்டது மூன்றரை ஆண்டுச் சிறை.

உண்மையிலேயே குடிபெயர்ந்து போவது சட்டப்படி சரி. போகாமலே போனதாகக் காட்டுவதுதான் ஏய்ப்பு. பெக்கர் வழக்கை ‘மொனாக்கோவில் குடியேறியதற்குத் தண்டனை’ என்று சிலர் எழுதுவதைப் பார்க்கிறேன், அது தவறு. அவர் முழுமையாகக் குடியேறாததற்குத்தான் தண்டனை.

குடியுரிமையே காலைக் கட்டும் இடங்களும் உண்டு. பிரெஞ்சுக் குடிமக்கள் மொனாக்கோவில் வாழ்ந்தாலும் பிரான்ஸ் அவர்களிடம் வருமான வரி வாங்கும். பிரெஞ்சுப் பணம் பக்கத்து மொனாக்கோவுக்கு ஓடுவதைக் கண்டு பிரெஞ்சு அதிபர் சார்ல் த கோல் 1962-இல் எல்லையில் சுங்கச்சாவடி போட்டு நெருக்கினார்; அதன் விளைவு 1963 ஒப்பந்தம். பிரெஞ்சு டென்னிஸ்காரர்களான சோங்கா, கஸ்கே போன்றோர் மொனாக்கோவுக்குப் போகாமல் சுவிட்சர்லாந்தில் குடியேறியது ஏன் என்பது இதைப் படித்தால் விளங்கும். சுவிட்சர்லாந்தில், உள்நாட்டில் வேலை செய்யாத வெளிநாட்டவருக்கு வருமானத்தைப் பார்க்காமல் வாழ்க்கைச் செலவை வைத்து வரி போடும் ஏற்பாடும் உண்டு. சூரிக் மாநிலம் வாக்கெடுப்பு நடத்தி இதை ஒழித்தது. நாடு முழுவதும் ஒழிக்கலாமா என்ற 2014 வாக்கெடுப்பில் பெரும்பான்மையோர் வேண்டாம் என்றதால் ஏற்பாடு பிழைத்துக்கொண்டது.

அமெரிக்கரோ உலகில் எங்கே குடியேறினாலும் குடியுரிமை உள்ளவரை அமெரிக்க வரிக் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். அதனால் அவர்கள் நாட்டை விட்டுப் போவதில்லை, மாநிலத்தை மாற்றுகிறார்கள். கலிபோர்னியாவின் உச்ச மாநில வரி 13.3 சதவீதம், புளோரிடாவிலும் டெக்சாஸிலும் பூஜ்யம். இந்த விளையாட்டில் அண்மையில் பேசப்பட்டது, ஜப்பானிய பேஸ்பால் வீரர் ஷோஹெய் ஓதானியின் ஒப்பந்தம். லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியுடன் பத்து ஆண்டுக்கு 70 கோடி டாலர். அதில் 68 கோடியை 2034 முதல் 2043 வரை பிரித்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. ஓய்வுக்காலத் தொகையைப் பத்து ஆண்டோ அதற்கு மேலோ ஏறத்தாழச் சமமான தவணைகளில் பெறுபவர் வேறு மாநிலத்தில் வசித்தால், பழைய மாநிலம் அதற்கு வரி கேட்கக் கூடாது என்று 1996-இல் ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்தது. அந்த நேரத்தில் ஓதானி கலிபோர்னியாவில் இல்லாவிட்டால், அம்மாநிலத்துக்குக் கிடைக்க வேண்டிய சுமார் 9 கோடி டாலர் வராமலே போகலாம். மாநிலத்தின் நிதிக் கட்டுப்பாட்டு அதிகாரி மாலியா கோஹென் 2024-இல் இதற்கு உச்சவரம்பு வைக்கும்படி அமெரிக்க நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டார்.

மைதானம் இருக்கும் நாடு கேட்கும் பங்கு

நாடுகளுக்கிடையே எழுதப்படும் வரி ஒப்பந்தங்கள் பெரும்பாலும், வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடியின் மாதிரியைப் பின்பற்றுகின்றன. அதன் 17-ஆம் விதி கலைஞர்களுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் என்றே தனியாக உள்ளது: போட்டி நடக்கும் நாடு, அங்கே ஈட்டிய பணத்துக்கு வரி போடலாம். சாதாரண நிறுவன ஊழியர் வெளிநாட்டில் சில நாள் வேலை பார்த்தால் கிடைக்கும் சலுகை இவர்களுக்கு இல்லை. ஒரே மாலையில் கோடிகளை வாங்கிக்கொண்டு போகிறவரைப் பிறகு தேடிப் பிடிக்க முடியாது என்பதுதான் காரணம்.

பரிசுப் பணத்துக்கு வரி என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. தகராறு விளம்பரப் பணத்தில். அமெரிக்க டென்னிஸ் வீரர் ஆந்த்ரே அகாசிக்கு விளையாட்டுப் பொருள் நிறுவனங்களான நைக்கியும் ஹெட்டும் தந்த பணம், பிரிட்டனில் கிளைகூட இல்லாத அவருடைய அமெரிக்க நிறுவனத்துக்குப் போனது. கொடுத்தவரும் வாங்கியவரும் வெளிநாடு. பிரிட்டனுக்கு என்ன உரிமை என்று கேட்டார். விம்பிள்டனில் அந்தச் சட்டையும் மட்டையுமாக நின்றதற்கான பங்கு எங்களுடையது என்றது வரித்துறை. 2006-இல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரித்துறையின் பக்கம் தீர்ப்பளித்தது.

இதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். ஓர் ஓட்டக்காரர் ஆண்டுக்குப் பத்துப் போட்டிகளில் ஓடுகிறார், ஒன்று லண்டனில். உலக அளவில் அவருடைய விளம்பர வருமானம் 10 கோடி. அதில் பத்தில் ஒரு பங்கான 1 கோடி பிரிட்டனில் ஈட்டியதாகக் கொள்ளப்படும். லண்டனில் ஓடுவதற்குக் கிடைக்கும் பணம் 30 லட்சம். உச்ச விகிதமான 45 சதவீதத்தில் மொத்தம் 58.5 லட்சம் வரி. 30 லட்சம் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டு, கையிலிருந்து 28.5 லட்சம் போட்டுக் கட்ட வேண்டும்.

உசைன் போல்ட் 2010-இல் லண்டன் போட்டியைத் தவிர்த்தது இதனால்தான். ரஃபேல் நடால் 2012-இல் லண்டனின் குவீன்ஸ் போட்டியை விட்டு ஜெர்மனியின் ஹாலேவுக்குப் போனதற்கும் இதையே காரணமாகச் சொன்னார். அரசு கடைசியில் இறங்கிவந்தது. 2012 ஒலிம்பிக்குக்கு வந்த வெளிநாட்டு வீரர்களுக்கு விலக்கு, அந்த ஒலிம்பிக்கின் ஓராண்டு நிறைவாக 2013-இல் லண்டனில் நடந்த தடகளப் போட்டிக்கு விலக்கு, 2017 உலகத் தடகளப் போட்டிக்கு விலக்கு. மூன்றிலும் போல்ட் ஓடினார். பெரிய போட்டிக்கு மட்டும் விலக்கு, சிறிய போட்டிக்கு இல்லை என்பதில் என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. சிறிய போட்டி நடத்துபவர்களுக்குத்தானே நட்சத்திர வீரர் கூடுதலாகத் தேவை?

இந்தியாவில் விதி என்ன?

சேப்பாக்கத்தில் ஆடும் வெளிநாட்டு ஐபிஎல் வீரருக்கும் இதே கொள்கைதான். இந்தியக் குடிமகன் அல்லாத, இங்கே குடியிருக்காத விளையாட்டு வீரருக்கென 1961 வருமான வரிச் சட்டத்தின் 115பிபிஏ பிரிவு எழுதப்பட்டது. இங்கே ஆடிய பணம், இங்குள்ள விளம்பரப் பணம், இந்தியப் பத்திரிகையில் விளையாட்டு பற்றி எழுதிப் பெறும் பணம் எல்லாவற்றுக்கும் 20 சதவீதம். கூடுதல் வரிகள் தனி. 2012 வரை 10 சதவீதமாக இருந்தது. செலவு எதையும் கழிக்க முடியாது. பணம் கொடுப்பவரே வரியைப் பிடித்துக்கொண்டுதான் கொடுக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் குடியிருக்கும் வீரர் இங்கே கட்டியதைத் தன் நாட்டு வரியில் ஈடுசெய்துகொள்வார். வருமான வரியே இல்லாத ஊரில் குடியிருப்பவருக்கு ஈடுசெய்ய எதுவும் இல்லை; இங்கே பிடித்தது பிடித்ததுதான்.

துபாய்க்குப் போய்விடலாமா என்று யோசிக்கும் இந்திய வீரருக்கும் 2020 நிதிச் சட்டம் ஒரு முடிச்சு போட்டது. இந்தியாவில் ஈட்டும் வருமானம் 15 லட்சம் ரூபாயைத் தாண்டி, குடியிருப்பின் பேரில் வேறு எந்த நாட்டிலும் வரி செலுத்தக் கடமைப்படாத இந்தியக் குடிமகன், ஒரு நாள்கூட இங்கே தங்காவிட்டாலும் இங்கே குடியிருப்பவராகக் கருதப்படுவார். பயப்படும் அளவுக்கு இது பெரிதல்ல: அப்படிக் கருதப்படுபவரின் வெளிநாட்டு வருமானத்தில், இந்தியாவிலிருந்து நடத்தப்படும் தொழிலின் வருமானத்துக்கு மட்டுமே இங்கே வரி. இந்தியாவில் ஈட்டிய பணத்துக்கோ எங்கே குடியிருந்தாலும் வரி உண்டு.