சலுகை இல்லாமலும் கட்டுப்படியாகுமா உங்கள் எலெக்ட்ரிக் கார்?

கார் வாங்கும் முன் ஆடிட்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளும் பழக்கம் கோவைப் பக்கம் உண்டு. பில்லை யார் பேரில் போடுவது, கடன் வாங்குவதா கையிருப்பைப் போடுவதா, தேய்மானம் எவ்வளவு கழிக்கலாம் என்றுதான் வழக்கமாகக் கேட்பார்கள். இரண்டு மூன்று வருடமாக வேறொரு கேள்வி முந்திக்கொண்டு வருகிறது: "சார், எலெக்ட்ரிக் காருக்கு இருக்கிற சலுகையை எடுத்துடுவாங்கன்னு சொல்றாங்களே, அதுக்குள்ள ஒண்ணு எடுத்துடலாங்களா?"

கேள்வியில் இருக்கும் அவசரம்தான் ஆடிட்டரான எனக்குக் கவலை தருகிறது. பதினைந்து லட்சம் ரூபாய்ச் செலவை ஒரு கெடுத்தேதி தீர்மானிக்கக் கூடாது. சலுகை போனால் சந்தையில் என்ன நடக்கும் என்று ஊகிக்க வேண்டிய அவசியமும் இல்லை. பல நாடுகளில் அது நடந்து முடிந்துவிட்டது, நம் நாட்டிலேயே ஒரு பகுதி நடந்திருக்கிறது.

முதலில் எது சலுகை என்று தெரிந்துகொள்ள வேண்டும். மத்திய அரசு நேரடியாக மானியம் தருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். 2019 ஏப்ரலில் தொடங்கிய, ஃபேம் என்ற மத்திய அரசு மானியத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்திலேயே சொந்த உபயோகத்துக்கான கார்களுக்கு மானியம் கிடையாது, வாடகைக் கார்களுக்குத்தான் இருந்தது. அதற்குப் பின் 2024 அக்டோபரில் வந்த பி.எம். இ-டிரைவ் திட்டத்திலும் கார் இல்லை. தமிழ்நாட்டில் கார் வாங்குபவருக்குக் கிடைக்கும் பெரிய சலுகைகள் இரண்டு: ஜி.எஸ்.டி. 5 சதவீதம் மட்டும் என்பது ஒன்று, மாநில அரசின் வாகன வரி விலக்கு இன்னொன்று. பதிவுக் கட்டணம் இல்லை, மூன்றாம் நபர் காப்பீட்டு பிரீமியத்தில் 15 சதவீதம் தள்ளுபடி என்பவையெல்லாம் சில்லறைத் தொகைகள். தொழில் பேரில் வாங்குபவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. சாதாரண காருக்கு வருடத்துக்கு 15 சதவீதம் தேய்மானமாக வருமானத்தில் கழிக்கலாம் என்றால், எலெக்ட்ரிக் காருக்கு 40 சதவீதம்.

இந்த இரண்டு பெரிய சலுகைகளும் போனால் எவ்வளவு ஏறும்? எக்ஸ்-ஷோரூம் விலை 15 லட்சம் என்று வையுங்கள். தமிழ்நாட்டில் 10 லட்சத்திலிருந்து 20 லட்சம் வரை விலையுள்ள கார்களுக்கு 2023 நவம்பர் முதல் ஆயுள் வரி, அதாவது ஒரே தடவையாகக் கட்டும் வாகன வரி, 18 சதவீதம். பெட்ரோல் கார் வாங்குபவர் இதைக் கட்டுகிறார், எலெக்ட்ரிக் கார் வாங்குபவர் கட்டுவதில்லை. விலக்கு மட்டும் போனால் 2,70,000 ரூபாய் கூடும். ஜி.எஸ்.டி.யும் 5-லிருந்து 18 ஆனால் காரின் விலையே சுமார் 16 லட்சத்து 86 ஆயிரமாகும், அதற்கு மேல் 18 சதவீத ஆயுள் வரி. மொத்தத்தில் இன்று 15 லட்சத்துக்குச் சற்று மேலே முடியும் கார் கிட்டத்தட்ட 20 லட்சத்தைத் தொடும். காருக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யைப் பெரும்பாலான வியாபாரிகள் தாங்கள் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ள முடியாது என்பதால், அது முழுக்கச் செலவுதான்.

இரண்டும் ஒரே நாளில் போகும் என்று நான் நினைக்கவில்லை. பக்கத்து மாநிலங்களைப் பார்த்தால் எப்படி வரும் என்று தெரிகிறது. கர்நாடகம் 2024-இல் 25 லட்சத்துக்கு மேற்பட்ட எலெக்ட்ரிக் கார்களுக்கு மட்டும் 10 சதவீத ஆயுள் வரி போட்டது. கேரளம் 2025 பட்ஜெட்டில் 15 லட்சம் வரை 5 சதவீதம், 20 லட்சம் வரை 8, அதற்கு மேல் 10 என்று படிப்படியாக வைத்தது. விலை உயர்ந்த வண்டியிலிருந்து தொடங்கிக் கீழே வருகிறார்கள். இங்கேயும் விலக்கு கெடு வைத்த அரசாணையாகத்தான் வருகிறது. கெடு நெருங்கும்போதெல்லாம் நீட்டிப்பார்களா மாட்டார்களா என்ற பேச்சு கிளம்பி, ஷோரூம்களில் அவசரம் தொற்றிக்கொள்கிறது.

சலுகையை யாரும் தொடாமலே அது சுருங்கிப்போவதும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள் அடங்கும் சிறிய பெட்ரோல் கார்களின் ஜி.எஸ்.டி. 18 சதவீதமானது. அதற்கு முன் செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்து 29. எலெக்ட்ரிக் காருக்கு அதே 5. அதாவது இரண்டுக்கும் நடுவில் இருந்த 24 சதவீத இடைவெளி ஒரே நாளில் 13 ஆனது. வரிக்கு முன் 10 லட்சம் அடக்கமாகும் பெட்ரோல் கார் 12 லட்சத்து 90 ஆயிரத்திலிருந்து 11 லட்சத்து 80 ஆயிரத்துக்கு இறங்கிவிட்டது. எலெக்ட்ரிக் பக்கம் எதுவும் மாறவில்லை, ஆனாலும் ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசம் குறைந்தது. சலுகை "எடுக்கப்பட்டதா" என்று மட்டும் கவனிப்பவர்கள் இதைத் தவறவிட்டுவிடுவார்கள்.

திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியைப் பாருங்கள். அங்கே 2023 செப்டம்பர் முதல் நிறுவனங்களுக்கு மானியம் இல்லை, தனிநபர்களுக்கு மட்டும் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். ஆகஸ்டில் 86 ஆயிரத்துக்கு மேற்பட்ட எலெக்ட்ரிக் கார்கள் பதிவாயின, அடுத்த மாதம் 32 ஆயிரத்துக்கும் குறைவு. அது முதல் அதிர்ச்சி. நவம்பர் 15 அன்று, இந்த மானியத்துக்குப் பணம் வந்துகொண்டிருந்த காலநிலை நிதிக்கு 60 பில்லியன் யூரோவை மாற்றியது செல்லாது என்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பணம் இல்லை என்றானதும் டிசம்பர் 16, ஒரு சனிக்கிழமை அன்று, நாளையோடு விண்ணப்பம் முடிகிறது என்று அறிவித்துவிட்டார்கள். விண்ணப்பம் போட வேண்டுமென்றால் கார் பதிவாகியிருக்க வேண்டும். மாதக்கணக்கில் டெலிவரிக்குக் காத்திருந்தவர்கள், 4,500 யூரோ வரை வரும் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டவர்கள், அந்த வார இறுதியில் அதை இழந்தார்கள். பல கார் நிறுவனங்கள் தங்கள் கையிலிருந்து அதை ஈடுகட்ட முன்வந்தன என்பது வேறு விஷயம். 2023-இல் 5 லட்சத்து 24 ஆயிரமாக இருந்த விற்பனை 2024-இல் 3 லட்சத்து 80 ஆயிரமாக விழுந்தது, 27 சதவீதச் சரிவு. 2025-இல் மீண்டும் ஏறியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புகை வரம்பு அந்த வருடம் இறுக்கப்பட்டது, விலை குறைந்த மாடல்களும் வந்தன.

சீனா செய்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2019 நடுவில் மானியத்தைப் பாதிக்கு மேல் வெட்டியபோது அங்கேயும் விற்பனை சறுக்கியது. அதன் பிறகு பாடம் கற்றுக்கொண்டார்கள். 2020-இல் 10 சதவீதம், 2021-இல் 20, 2022-இல் 30 என்று குறைத்துக்கொண்டே போய் 2022 டிசம்பர் 31-உடன் முடிப்போம் என்று முன்பே சொன்னார்கள், அப்படியே முடித்தார்கள். அடுத்த வருடம் விற்பனை 69 லட்சத்திலிருந்து 95 லட்சத்தை எட்டியது. வாங்கும்போது கட்டும் வரியில் விலக்கு தொடர்ந்ததும், நிறுவனங்கள் போட்டி போட்டு விலையைக் குறைத்ததும் கை கொடுத்தன. அந்த வரி விலக்குக்கும் 2025 வரை முழுதாக, அடுத்த இரண்டு வருடம் பாதி என்று 2023-லேயே அட்டவணை போட்டுவிட்டார்கள்.

நம் நாட்டு உதாரணம் ஸ்கூட்டர். 2023 ஜூன் 1 அன்று எலெக்ட்ரிக் இருசக்கர வாகன மானியம் பேட்டரியின் ஒவ்வொரு கிலோவாட்-மணி (ஒரு யூனிட்) கொள்ளளவுக்கும் 15,000 ரூபாயிலிருந்து 10,000 ஆனது, விலையில் 40 சதவீதம் வரை என்ற உச்சவரம்பும் 15 ஆனது. மே மாதம் ஒரு லட்சத்தைத் தாண்டிய விற்பனை ஜூனில் அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. ஆனால் 2024-இல் வருட விற்பனை 11 லட்சத்தைத் தாண்டியது. சிறிய பேட்டரி போட்டு விலையை இறக்கிய மாடல்கள் வந்ததுதான் முக்கியக் காரணம்.

இவற்றையெல்லாம் பார்த்துவிட்டு, என்னிடம் கணக்குப் பார்க்க வருபவர்களுக்கு நான் சொல்வது இது. சலுகை முடியும் மாதத்தில் ஷோரூமுக்கு ஓடுபவருக்குப் பேரம் பேச இடமிருக்காது. விற்பவருக்கும் தெரியும், நீங்கள் தேதிக்கு பயந்து வந்திருக்கிறீர்கள் என்று. அமெரிக்காவில் 7,500 டாலர் வரிக் கழிவு 2025 செப்டம்பர் 30-உடன் முடிந்தது. அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் எலெக்ட்ரிக் கார் விற்பனை சாதனை படைத்தது. அக்டோபர் முதல் தேதியே ஹூண்டாய் நிறுவனம் ஐயானிக் 5-இன் 2026 மாடலுக்கு 9,800 டாலர் வரை விலையைக் குறைப்பதாக அறிவித்தது. அதே மாதம் டெஸ்லா விலை குறைந்த புது ரகங்களைக் கொண்டுவந்தது. போன சலுகையில் ஒரு பகுதியை நிறுவனமே சுமக்கிறது என்றுதான் இதற்கு அர்த்தம். எல்லா நிறுவனமும் எல்லாக் காலத்திலும் சுமக்கும் என்று சொல்ல மாட்டேன். முழுத் தொகையும் உங்கள் தலையில் விழும் என்று பயந்து முடிவெடுக்க வேண்டாம் என்கிறேன்.

அடுத்தது தேதி விஷயம். இதில் ஏமாந்தவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். வருமான வரிச் சட்டத்தில் 80இஇபி என்றொரு பிரிவு இருந்தது. எலெக்ட்ரிக் வாகனக் கடனுக்குக் கட்டும் வட்டியில் வருடத்துக்கு 1,50,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம். நிபந்தனை என்னவென்றால், 2019 ஏப்ரல் 1-க்கும் 2023 மார்ச் 31-க்கும் இடையில் கடன் அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும். 2023 கோடையில் கார் எடுத்த ஒரு தம்பதி, இந்தக் கழிவு உண்டு என்று விற்பனைப் பிரதிநிதி சொன்னதை நம்பி, அதையும் சேர்த்துத்தான் இ.எம்.ஐ. கட்டுப்படியாகும் என்று முடிவெடுத்திருந்தார்கள். கணக்குத் தாக்கல் செய்ய வந்தபோது கடன் அனுமதிக் கடிதத்தைப் பார்த்தேன். மே மாதத் தேதி. சட்டம் தெளிவாக இருந்தது, எதுவும் செய்ய முடியவில்லை. இன்னொருவருக்குத் தேதி சரியாக இருந்தும், புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்ததால் கழிவு இல்லாமல் போனது.

ஒவ்வொரு சலுகைக்கும் எந்தத் தேதி பொருந்தும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வட்டிக் கழிவுக்குக் கடன் அனுமதித் தேதி. ஜி.எஸ்.டி.க்கு பில் போட்டு வண்டி கைமாறும் தேதி. வாகன வரி விலக்குக்குப் பதிவுத் தேதி. எதற்குமே புக்கிங் தேதி உதவாது. புக்கிங் படிவத்தின் கீழே "டெலிவரி அன்று நடப்பில் உள்ள விலையும் வரியும் பொருந்தும்" என்ற பொருளில் ஒரு வரி பெரும்பாலும் இருக்கும், அதைப் படியுங்கள். மூன்று மாதம் காத்திருக்க வேண்டிய மாடலை, கெடு முடிய இரண்டு மாதம் இருக்கும்போது சலுகையை நம்பி புக் செய்வதில் பொருளே இல்லை. வரி மாறினால் முன்பணத்தை முழுதாகத் திருப்பித் தருவார்களா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் முக்கியமான கணக்கு: நீங்கள் எவ்வளவு ஓட்டுகிறீர்கள்?

லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் பெட்ரோல் காருக்கு, பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 70 காசு. எலெக்ட்ரிக் கார் ஒரு யூனிட்டில் 7 கிலோமீட்டர் போகிறது, வீட்டில் யூனிட் 10 ரூபாய் என்று வைத்தால் ஒன்றரை ரூபாய்க்குள். ஏறக்குறைய 5 ரூபாய் மிச்சம். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு வருடத்துக்கு 90,000 ரூபாய். வாகன வரி விலக்கு நாளையே போய் 2,70,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும், மூன்று வருடத்தில் அது திரும்பிவிடும். மாதம் 500 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவருக்கு அதே தொகை திரும்ப ஒன்பது வருடம் ஆகும். அவருக்கு இன்று இருக்கும் முழுச் சலுகையோடுகூட இது நல்ல பேரமா என்பது சந்தேகம்தான், ஏனென்றால் எலெக்ட்ரிக் காரின் அடக்க விலையே பல ரகங்களில் கூடுதல்.

யூனிட் 10 ரூபாய் என்று நான் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. மாதம் 1,500 கிலோமீட்டர் என்றால் இரண்டு மாத பில்லில் 400 யூனிட்டுக்கு மேல் கூடும். தமிழ்நாட்டு வீட்டு இணைப்பில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் படிகளே மாறிவிடும், கூடுதலான யூனிட் எல்லாம் மேல் படியின் விலைக்குத்தான் வரும். அபார்ட்மெண்டில் சார்ஜர் போட அனுமதி கிடைக்காதவர்கள் பொது சார்ஜிங்கையே நம்ப வேண்டும். அங்கே யூனிட்டுக்கு 20 ரூபாய்க்கு மேல், அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு. மிச்சம் 5 ரூபாய் என்பது 3 ரூபாயாகிவிடும். சலுகை போகுமா என்று கேட்பவர்களில் பலர் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. பார்க்கிங்கில் ஒரு பிளக் பாயிண்ட் கிடைக்குமா என்பது பல குடும்பங்களுக்கு வாகன வரி விலக்கைவிடப் பெரிய விஷயம்.

சலுகை என்றைக்காவது முடியத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 25 லட்சம் ரூபாய் காருக்கு வரி விலக்குத் தருவதைவிட அந்தப் பணத்தில் பேருந்து விடலாம் என்பது நியாயமான வாதம். அட்டவணை இல்லாமல் முடிப்பதைத்தான் எதிர்க்கிறேன். இந்த மாநிலம் 2023 மின்வாகனக் கொள்கையில் 50,000 கோடி முதலீட்டையும் ஒன்றரை லட்சம் வேலைகளையும் இலக்காக வைத்தது. 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் தொழிற்சாலையும் திறக்கப்பட்டது. தொழிற்சாலை கட்டுபவருக்கும் மாதச் சம்பளக்காரருக்கும் ஒரே தேவைதான்: எந்த விலை வண்டிக்கு, எந்த வருடம், எத்தனை சதவீதம் என்று மூன்று வருடத்துக்கு முன்பே தெரிய வேண்டும். அரசிதழில் ஒரு பக்கத்தில் அடங்கும் அட்டவணை அது.

ஏற்கெனவே கார் எடுத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. 80இஇபி பிரிவு முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, 2022-இல் கடன் வாங்கிய சிலர் கழிவு கேட்பதையே விட்டுவிட்டார்கள். உங்கள் கடன் அந்தக் கெடுவுக்குள் அனுமதிக்கப்பட்டிருந்து, பழைய வரி முறையில் தாக்கல் செய்தால், கடன் தீரும் வரை வட்டிக்குக் கழிவு உண்டு. அனுமதிக் கடிதத்தையும் வங்கி தரும் வருடாந்திர வட்டிச் சான்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் ஆடிட்டரைப் பாருங்கள்.