அசாஸுகே நம்ம ஊறுகாய் இல்லைங்க

போன சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு டோக்கியோவின் நிஷி-கசாயிலிருந்து ஒரு தோழியின் போன். "அக்கா, ஆறு நாள் முன்னாடி போட்ட வெள்ளரிக்காய் அசாஸுகே, தண்ணி கலங்கி லேசா புளிக்குது. நல்ல பாக்டீரியாதானே? பாப்பாவுக்குக் கொடுக்கலாமா?"

அசாஸுகே என்றால் ஜப்பானில் உப்பில் கொஞ்ச நேரமே ஊறவைக்கிற காய். இந்தக் கோடையில் அதைப் பற்றி வந்த போன்களில் இது நான்காவது. ஊறுகாய்த் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறவள் என்பதால் எல்லாரும் என்னிடம்தான் கேட்கிறார்கள். சந்தோஷம். ஆனால் போடும் முன்னால் கேளுங்கள்.

ஜப்பானில் ஊறுகாய்க்குப் பொதுப்பெயர் சுகேமோனோ. அந்த ஒரு பெயரைக் கேட்டு எல்லாவற்றையும் ஒரே ஜாடியில் அடைத்துவிடுகிறோம். உமே என்ற புளிப்புப் பழத்தில் போடும் உமேபோஷி நம் மாவடுவுக்குச் சொந்தக்காரன். பழைய முறையில் போட்டால் பழத்தின் எடையில் 18, 20 சதவீதம் உப்பு, போதாததற்கு வெயில். நுகாஸுகே தவிட்டில் புளிக்க வைப்பது. அசாஸுகே இரண்டிலும் சேராது. பெயரிலேயே 'அசா' என்றால் மேலோட்டம். 2 சதவீத உப்பு, ஒரு மணி நேரம், சாப்பாடு. உப்பு காயிலிருந்து தண்ணீரை இழுத்துக் கொஞ்சம் துவள வைக்கிறது, அவ்வளவுதான். அந்த உப்பில் எந்தக் கிருமியும் சாகாது. புளிக்கவும் நேரமில்லை, எண்ணெய் இல்லை, காரம் பெயருக்கு ஒரு மிளகாய். உப்புப் பிசறிய பச்சைக் காய் என்று நினைத்துக்கொள்ளுங்கள், பாதிக் குழப்பம் தீரும்.

"ஒரு ஸ்பூன் வினிகர் விட்டிருக்கேனே?" ருசிக்கு விடுங்கள், காவலுக்கு அல்ல. கடுமையான வயிற்றுநோய் தருகிற ஓ157 என்ற ஈ.கோலை கிருமி அமிலத்தை நன்றாகத் தாங்கும். "ஃபிரிட்ஜில்தானே இருக்கு?" குளிரில் கிருமி மெதுவாகும், சாகாது. ஆறாம் நாள் வருகிற புளிப்பு யார் கொடுத்தது என்று நாக்குக்குத் தெரியாது. எங்கள் ஆய்வகத்தில்கூட வளர்த்துப் பார்த்துத்தான் சொல்வோம்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2012 ஆகஸ்டில் ஹொக்கைடோவில் சீன முட்டைக்கோஸ் அசாஸுகே சாப்பிட்ட 169 பேருக்கு ஓ157 வந்தது. 8 பேர் இறந்தார்கள். முதியோர் இல்லங்களுக்குப் போன சரக்கு அது. 2014-இல் ஷிசுவோகாவில் வாணவேடிக்கைத் திருவிழாவில் குச்சியில் குத்தி விற்ற வெள்ளரிக்காய், 510 பேர். முதல் சம்பவத்துக்குப் பிறகு எங்களுக்கு விதி இறுகியது: 75 டிகிரியில் ஒரு நிமிடம் வெந்நீர், இல்லையென்றால் அளவு பார்த்த குளோரின் குளியல், அப்புறம் 10 டிகிரிக்கு மேல் போகாத அறை. (குளோரின் என்றதும் துணி வெளுக்கும் பிளீச்சை எடுக்காதீர்கள். ஒருவர் எடுத்தார்.)

சரி, செய்யவே கூடாதா? தாராளமாகச் செய்யுங்கள், எனக்கே பிடிக்கும். 300 கிராம் வெள்ளரிக்கு 6 கிராம் உப்பு, தராசில் எடை பார்த்துப் போடுங்கள். காயை முதலில் ஓடுகிற தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுங்கள். நறுக்கிவிட்டுக் கழுவுவதில் பிரயோஜனம் இல்லை. கோழி வெட்டிய பலகை இந்தப் பக்கமே வரக்கூடாது. உப்பு, விரல் நீளம் கொம்பு (காய்ந்த கடற்பாசி), ஒரு வரமிளகாய், ஜிப் பையில் போட்டுப் பிசறி, காற்றை அமுக்கி எடுத்து நேராக ஃபிரிட்ஜுக்கு. ஒரு மணி நேரம் கழித்துப் பிழிந்து, வேண்டுமானால் துளி ஷோயு (சோயா சாஸ்). அன்றைக்கே முடித்துவிடுங்கள், மிஞ்சினால் மறுநாள் மதியம் வரை. அந்தத் தண்ணீரிலேயே அடுத்த காயைப் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். கொட்டுங்கள், தயவுசெய்து.

வீட்டில் சின்னக் குழந்தையோ வயதான மாமியாரோ இருந்தால், வெள்ளரிக்குப் பதில் முட்டைக்கோஸைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்துச் செய்யுங்கள். மொறுமொறுப்பு கொஞ்சம் குறையும். பரவாயில்லை.

இன்னொன்று. ஓ157 சாப்பிட்ட அன்றே காட்டிக்கொள்ளாது. பெரும்பாலும் மூன்று, நான்கு நாள் கழித்துத்தான் வயிற்றைப் பிடிக்கும். அதனால்தான் யாரும் அசாஸுகேவைச் சந்தேகிப்பதில்லை, நேற்றைய ஹோட்டல் சாப்பாட்டைத் திட்டுகிறார்கள். மலத்தில் ரத்தம் தெரிந்தால் வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையை நீங்களாகப் போடாதீர்கள். விஷம் உள்ளேயே தங்கும், குழந்தைகளுக்குச் சிறுநீரகம் வரை போய்விடும். உடனே மருத்துவமனைக்குப் போய், ஒரு வாரமாகச் சாப்பிட்ட பச்சைக் காய்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

போன் செய்த தோழி அந்தப் பையைக் குப்பையில் போட்டுவிட்டாள். பாப்பாவுக்குத் தயிர்சாதம் கொடுத்தாளாம்.