டயாலிசிஸ்: ரத்தம் மாற்றுவதா, கழுவுவதா, பகுப்பதா?

திருநெல்வேலிப் பக்கம் ஒருவருக்கு டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் செய்தி ஊருக்குள் இப்படித்தான் பரவும்: "அண்ணாச்சிக்கு ரத்தம் மாத்துதாவளாம், வாரத்துக்கு ரெண்டு மட்டம் ஐகிரவுண்டுக்குப் போறாவ." ஐகிரவுண்டு என்பது பாளையங்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கும் பகுதி. ஆசுபத்திரிக்கே அது பேராகிவிட்டது. அண்ணாச்சி போவது சரி, ரத்தம் மாற்றுவது என்பதுதான் சரியில்லை. சிறுநீரகம் செயலிழந்தவரின் ரத்தத்திலிருந்து கழிவைப் பிரித்தெடுப்பதுதான் டயாலிசிஸ், அதில் அடுத்தவர் ரத்தத்துக்கு வேலையே கிடையாது. உடம்பிலிருந்து வெளியே வரும் ரத்தம் அதே உடம்புக்குத்தான் திரும்பிப் போகிறது. எந்த நேரத்திலும் குழாயிலும் வடிகட்டியிலுமாக வெளியே இருப்பது கால் லிட்டர் வாக்கில்தான்.

பேர் எப்படி இருந்தால் என்ன என்று விட்டுவிட முடியாது. ரத்தம் மாற்றுவது என்று கேள்விப்பட்டவர்கள், வாரம் இரண்டு தடவை யாரிடம் போய் ரத்தம் கேட்பது என்றுதான் முதலில் மலைக்கிறார்கள். உண்மையில் மாற்று சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்களுக்கு ரத்தம் ஏற்றுவதை முடிந்தவரை தவிர்க்கவே மருத்துவர்கள் பார்ப்பார்கள். வேற்று ரத்தம் ஏற ஏற உடம்பில் எதிர்ப்புப் புரதங்கள் உருவாகி, பின்னால் பொருந்தும் சிறுநீரகம் கிடைப்பதே கடினமாகிவிடும். சில சமயம் ரத்தசோகைக்காக டயாலிசிஸ் படுக்கையிலேயே ஒரு பாட்டில் ஏற்றுவது உண்டு. பார்க்க வந்த உறவுக்காரர் கண்ணில் அது பட்டால் போதும், "பாத்தியா, மாத்துதாவ" என்று முடிவாகிவிடும்.

செய்தித்தாள்கள் எழுதும் சொல் ரத்த சுத்திகரிப்பு. இது பரவாயில்லை, ஆனாலும் எனக்கு இதில் இரண்டு மனக்குறை. ரத்த சுத்தி என்ற சொல் நாட்டு மருந்துக் கடையில் ஏற்கெனவே குடியிருக்கிறது. சொறி, சிரங்கு, அரிப்புக்குக் கொடுக்கும் மருந்துக்கு அங்கே அதுதான் பேர். சிறுநீரகம் கெட்டவர்களுக்கும் தோல் அரிப்பு வரும். அரிப்புக்கு ரத்த சுத்தி மருந்து குடித்தே மாதங்களைக் கழித்துவிட்டு வருவதற்கு வழி இப்படித்தான் திறக்கிறது. இன்னொன்று, சுத்தம் என்றால் முடிந்த காரியம் என்று படுகிறது. சுத்தமாகிவிட்டதே, அடுத்த வாரம் எதற்கு என்று தோன்றத்தானே செய்யும்?

சரி, மூலச் சொல் என்ன சொல்கிறது? கிரேக்கத்தில் 'தியா' என்றால் ஊடாக, பிரிய. 'லிசிஸ்' என்றால் கட்டு அவிழ்தல். 'தியாலிசிஸ்' என்ற சொல்லைப் பழைய கிரேக்கர்கள் கூட்டு கலைவதற்கும், பகை தீர்ந்து சமாதானம் ஆவதற்கும், கடன் தீர்ப்பதற்கும் சொன்னார்கள். ரத்தத்தை வடிகட்டுவதற்கும் அதற்கும் அப்போது சம்பந்தமே இல்லை.

அதை அறிவியலுக்குள் கொண்டுவந்தவர் ஸ்காட்லாந்து வேதியியலர் தாமஸ் கிரகாம். 1861-ல் அவர் செய்த சோதனை எளிமையானது. கந்தக அமிலத்தில் நனைத்தெடுத்த காகிதத்தை ஒரு வளையத்தில் இழுத்துக் கட்டி, அதில் கரைசலை ஊற்றித் தண்ணீரின்மேல் மிதக்கவிட்டார். உப்பும் சர்க்கரையும் காகிதத்தைக் கடந்து தண்ணீருக்குள் போயின, பசைபோன்ற பொருள்கள் மேலேயே தங்கின. கடந்து போனவற்றுக்குப் படிகப் பொருள் என்றும், தங்கியவற்றுக்குப் பசை என்னும் கிரேக்கச் சொல்லை வைத்து 'கொல்லாய்டு' என்றும் பேர் வைத்தார். இப்படிப் பிரிக்கும் முறைக்குத்தான் டயாலிசிஸ் என்று பேர். அவர் இதே முறையில் சிறுநீரிலிருந்து யூரியாவையும் பிரித்துக் காட்டியிருக்கிறார். ஆனால் அதை நோயாளியின் ரத்தத்தில் செய்து பார்க்க மேலும் அறுபது வருசத்துக்கு மேல் ஆனது.

1913-ல் அமெரிக்காவில் ஜான் ஏபெல் நாய்களிடம் முயன்றார். ரத்தம் உறையாமலிருக்க அவர் நம்பியது அட்டைப் பூச்சியின் உமிழ்நீர்ச் சாறு. 1924-ல் ஜெர்மனியில் கேயார்க் ஹாஸ் முதல்முறையாக மனிதரிடம் செய்தார். நாஜிகள் பிடித்து வைத்திருந்த ஹாலந்தில், காம்பன் என்ற ஊரில், வில்லெம் கோல்ஃப் 1943-ல் தொத்திறைச்சிக்கு உறையாகப் பயன்படும் செலோபன் குழாயை ஒரு பெரிய உருளையில் சுற்றி, தொட்டித் தண்ணீரில் சுழலவிட்டார். தொடக்கத்தில் ஏறத்தாழ எல்லா நோயாளிகளும் இறந்துபோனார்கள். 1945-ல்தான் 67 வயதுப் பெண் ஒருவர் பிழைத்தார். 1960-ல் சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர் கையிலேயே நிலையாக இருக்கும் டெஃப்லான் குழாயை வைத்த பிறகுதான் ஒரே ஆளுக்கு வருசக்கணக்கில் டயாலிசிஸ் செய்ய முடிந்தது. கையில் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைக்கும் முறை 1966-ல் வந்தது. அதற்கு 'பிஸ்டுலா' என்று பேர். ஆசனவாயில் வரும் பவுத்திரத்துக்கும் ஆங்கில மருத்துவத்தில் அதே பேர்தான், கேள்விப்பட்ட சொந்தக்காரர்கள் குழம்பினால் அவர்கள்மேல் தப்பில்லை.

இனித் தமிழுக்கு வருவோம். வேதியியல் பாடத்தில் டயாலிசிஸ் என்பது கூழ்மப்பிரிப்பு. 'கொல்லாய்டு' என்பதைக் கூழ்மம் என்று ஆக்கியவர் யாரோ, நல்ல காது உள்ளவர். கிரேக்கருக்குப் பசை நினைவுக்கு வந்த இடத்தில் நமக்குக் கூழ் வந்திருக்கிறது. கிரகாமின் வளையத்தைப் பொறுத்தவரை கூழ்மப்பிரிப்பு துல்லியமான சொல், அங்கே பிரித்து எடுக்க வேண்டிய சரக்கே கூழ்மம்தான். ஆசுபத்திரியில் கதை தலைகீழ். ரத்தத்தின் கூழ்மமாகிய புரதங்கள் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும், வெளியேற வேண்டியவை யூரியா, கிரியாட்டினின் என்னும் கழிவுகள், பொட்டாசியம் போன்ற சின்னத் துகள்கள். அதனால் மருத்துவத்தில் கூழ்மப்பிரிப்பு என்று எழுதினால் தவறு என்று சொல்ல மாட்டேன், ஆனால் வார்டில் நிற்பவருக்கு ஒன்றும் விளங்காது.

டயாலிசிஸுக்கு இன்னொரு தமிழ்ச் சொல் ஊடுபகுப்பு. அது எனக்குப் பிடித்ததற்குக் காரணம் அதன் சொந்தபந்தம். 'லிசிஸ்' என்று முடியும் சொற்களுக்குத் தமிழ் ஏற்கெனவே ஒரு வழி போட்டு வைத்திருக்கிறது. மின்னாற்பகுப்பு, நீராற்பகுப்பு, பகுப்பாய்வு எல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்தவைதான். ஊடுபகுப்பு அந்த வரிசையில் இடறாமல் போய் நிற்கிறது. 'ஊடு' என்பதும் பண்டிதர் சொல் அல்ல. களக்காடு பக்கம் வாழைக்கு நடுவே உளுந்து போட்டால் அது ஊடுபயிர். தறியில் நெடுக்கே ஓடுவது பாவு, குறுக்கே போவது ஊடு. பத்தமடைப் பாயில் நூல் பாவுக்குக் குறுக்கே கோரை ஓடுகிறதே, அதுதான் ஊடு. பேச்சிலும் 'ஊடால வராத' என்கிறோம்.

ஒரே ஒரு குறை: எதன் ஊடாக என்று இந்தச் சொல் சொல்லவில்லை. சவ்வூடு பரவல் என்பதைப் பத்தாவது தாண்டிய எல்லோரும் ஒருமுறையாவது மனப்பாடம் செய்திருப்பார்கள். அதையொட்டிச் சவ்வூடு பகுப்பு என்று சொன்னால் இன்னும் தெளிவு. ரத்தம் ஒரு பக்கம், தனியாகக் கலந்த நீர் மறுபக்கம், நடுவில் சவ்வு. இயந்திரத்தில் அந்தச் சவ்வு ஆயிரக்கணக்கான மெல்லிய குழல்களாக ஒரு பிளாஸ்டிக் உருளைக்குள் இருக்கும். வயிற்று டயாலிசிஸில் குடலைப் போர்த்தியிருக்கும் உடம்பின் சொந்தச் சவ்வே அந்த வேலையைச் செய்கிறது, ரத்தம் வெளியே வருவதே இல்லை. அங்கே போய் ரத்த சுத்திகரிப்பு, ரத்தம் மாற்றுதல் என்று சொல்லி ஒருவருக்கு விளக்கிப் பாருங்கள், சொல்லின் பலவீனம் தெரிந்துவிடும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து சேரும் நீர்ப் பைகள் இந்த வகைக்குத்தான்.

எந்தச் சொல்லை வைத்தாலும் அதற்குள் அடங்காத ஒரு வேலையும் டயாலிசிஸில் நடக்கிறது. சிறுநீர் வராமல் உடம்பில் தேங்கிய நீரை அழுத்தத்தால் இழுப்பது. இதை நம்மூர்க்காரர்கள் 'தண்ணி எடுக்கது' என்கிறார்கள். 'இன்னைக்கு ரெண்டரை லிட்டர் எடுத்தாவ' என்று கணக்கும் சொல்வார்கள். இதைவிடச் சரியான சொல்லைக் கலைச்சொல் குழு எதுவும் தந்துவிட முடியாது. தண்ணீர் முழுதும் எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடைக்கு உலர் எடை என்று பேர், அதுவும் நல்ல சொல்தான்.

நேரம் என்ற விசயமும் சொல்லில் இல்லை. சிறுநீரகம் வாரத்துக்கு 168 மணி நேரமும் ஓடுகிறது. வாரம் மூன்று முறை, நான்கு மணி நேரம் வீதம் படுத்தால் 12 மணி நேரம். இரண்டு முறைதான் என்றால் 8. இடைவெளி என்ன செய்யும் என்பதை 2011-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு 32,065 நோயாளிகளின் பதிவுகளில் தேடியது. வாரம் மூன்று முறை செய்துகொள்பவர்களுக்கு ஒரு இடைவெளி மட்டும் மற்றதைவிட ஒரு நாள் நீளம். அந்த நீண்ட இடைவெளி முடியும் நாளில் இறப்பு, 100 பேர் ஓராண்டு என்ற கணக்கில் 22.1. மற்ற நாட்களில் 18.0. ஒரு நாள்தான் வித்தியாசம். நம்மூரில் கோவில் கொடை, அதாவது திருவிழா, வந்தால் 'செவ்வாக்கிழமை கொடை, இந்த மட்டம் போகாண்டாம்' என்பது சாதாரணப் பேச்சு. கொடைக்குப் போகட்டும், முந்தின நாளே ஒரு முறை போட முடியுமா என்று யூனிட்டில் கேட்டுவிட்டுப் போகட்டும். நாள் தவறியவர் கொடை வீட்டில் இளநீரும் வாழைப்பழமும் சொதியும் சாப்பிட்டால் ஏறுவது பொட்டாசியம், அது நேராகப் போய் இதயத் துடிப்பில் கை வைக்கும்.

டயாலிசிஸில் இருப்பவர்களின் இறப்புக்கு முதல் காரணமே இதயமும் ரத்தக்குழாயும்தான். அப்படியானால் கொழுப்பைக் குறைத்தால் போதுமே என்று ஜெர்மனியில் சர்க்கரை நோயுள்ள 1,255 டயாலிசிஸ் நோயாளிகளிடம் அடோர்வாஸ்டாடின் மாத்திரையைச் சோதித்தார்கள். 2005-ல் முடிவு வந்தது. கொழுப்பு நன்றாகவே குறைந்தது, மாரடைப்பும் பக்கவாதமும் இதய இறப்பும் சேர்ந்த கணக்கில் தெளிவான பலன் தெரியவில்லை. தேங்கும் நீர், கூடும் பாஸ்பேட், குழாய்ச் சுவரில் படியும் கால்சியம் என்று வேறு வழிகளிலும் இவர்கள் இதயம் கெடுகிறது. ரத்தம் ஊற வைக்கும் எரித்ரோபொய்ட்டின், எலும்புக்கான வைட்டமின் டி-யின் செயல்படும் வடிவம் இரண்டையும் ஆக்குவது சிறுநீரகம். பகுக்கிற இயந்திரத்துக்கு ஆக்கத் தெரியாது, அதனால்தான் கூடவே ஊசியும் மாத்திரையும்.

இதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு சொல் 'கிரானிக்'. கேட்டவுடன் முற்றிப்போன நோய் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். கிரேக்கத்தில் 'க்ரோனோஸ்' என்றால் காலம், அவ்வளவுதான். நாள்பட்ட என்பதே பொருத்தமான தமிழ். 2002-ல் அமெரிக்க வழிகாட்டி நெறிகள் வகுத்த வரையறையும் காலத்தைத்தான் கேட்கிறது: சிறுநீரகம் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 60 மில்லிக்குக் கீழே, அல்லது சிறுநீரில் புரதம் போன்ற பழுது, மூன்று மாதத்துக்கு மேல். இதற்கு எதிர்ப்பக்கம் திடீர்ப் பாதிப்பு. வயலில் கண்ணாடி விரியன் கடித்தவருக்கும் எலிக்காய்ச்சல் வந்தவருக்கும் சில வாரம் டயாலிசிஸ் செய்து, சிறுநீரகம் தேறி, நிறுத்திவிடுவதும் உண்டு. கோல்ஃப் காப்பாற்றிய பெண்ணுக்கும் வந்தது திடீர்ப் பாதிப்புதான். 'அவனுக்கு நிப்பாட்டிட்டாவளே, எனக்கு ஏன் நிப்பாட்டல' என்று கேட்பவருக்கு இந்த ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட்டால் பாதி மனக்கசப்பு போய்விடும்.

நாள்பட்ட நோயின் கடைசி நிலையான ஐந்தாம் நிலை என்றாலே மறுநாள் டயாலிசிஸ் என்றும் இல்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 828 பேரிடம் நடந்து 2010-ல் வெளியான சோதனையில், திறன் 10-லிருந்து 14 இருக்கும்போதே தொடங்குவதையும் 5-லிருந்து 7 வரை காத்திருப்பதையும் ஒப்பிட்டார்கள். இறப்பில் வித்தியாசம் இல்லை. ஆனால் காத்திருக்கச் சொன்னவர்களில் நான்கில் மூன்று பங்குப் பேர் அறிகுறிகள் முற்றியதால் முன்பே தொடங்க வேண்டியிருந்தது. மருத்துவர் கண்ணில் இருந்துகொண்டு காத்திருப்பது வேறு, ஆசுபத்திரிப் பக்கமே போகாமல் காத்திருப்பது வேறு.

அப்புறம் இந்த உப்பு. 'ரத்தத்துல உப்பு ஏறிட்டு' என்றால் இங்கே யூரியா, கிரியாட்டினின். கர்ப்பிணிக்கு 'நீர்ல உப்பு' என்றால் புரதம். கடையில் வாங்கும் தூத்துக்குடி உப்பு மூன்றாவது. மூன்றும் வேறு வேறு. சோற்று உப்பைக் குறைத்தால் தாகம் குறையும், ரத்த அழுத்தம் அடங்கும், அதற்காகவே கருவாட்டையும் அப்பளத்தையும் விடச் சொல்கிறார்கள். கிரியாட்டினின் அதனால் இறங்கிவிடாது. உப்பு ஆகாது என்று கேட்டுவிட்டு, சோடியம் குறைந்த உப்புப் பாக்கெட்டை நல்லெண்ணத்தோடு வாங்கி வருபவர்கள் உண்டு. அதில் குறைத்த சோடியத்துக்குப் பதில் இருப்பது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. சிறுநீரகக்காரர் வீட்டுக்கு அது ஆகவே ஆகாது.

எழுதுகிறவர்களுக்குக் கிளைச் சொற்களும் வேண்டுமே. வடிகட்டும் உருளை ஊடுபகுப்பி, ரத்தவழி செய்வது குருதி ஊடுபகுப்பு, வயிற்றுவழி செய்வது வயிற்றுச் சவ்வூடு பகுப்பு, சவ்வின் மறுபக்கம் ஓடும் திரவம் ஊடுபகுப்பு நீர். பேச்சில் டயாலிசிஸ் என்றே சொல்லலாம், 'டயாலிசிஸ் ஓடுது' என்பது இன்றைக்கு நல்ல தமிழ்தான். அந்த நீர் மட்டும் சாதாரணத் தண்ணீர் அல்ல. நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர் சவ்வின் மறுபக்கம் ஓடுகிறது. தாமிரபரணித் தண்ணீரானாலும் திசையன்விளை உவர்நீரானாலும் எதிர் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) கருவியில் போய் வந்த பிறகே அங்கே நுழைய முடியும். 1970-களில் தண்ணீரில் இருந்த அலுமினியமே டயாலிசிஸ் நோயாளிகளின் மூளையைக் கெடுத்தது தெரியவந்த பிறகு இந்த விசயத்தில் யாரும் விளையாடுவதில்லை.