அருவி தேவைப்படாத மில்

1852-இல் ஹென்றி யெஸ்லர் அமெரிக்காவின் வடமேற்குக் கரையிலுள்ள எலியட் விரிகுடாவுக்கு வந்தபோது, அங்கே டுவாமிஷ் என்னும் பூர்வகுடி மக்களின் ஊர்களும் வெள்ளைக் குடியேறிகளின் சில மரக்குடில்களுமே இருந்தன. மரம் அறுக்கும் மில் கட்டத் தெரிந்த இந்தத் தச்சருக்காகக் குடியேறிகள் இருவர் தங்கள் நிலத்தின் எல்லையையே நகர்த்திக் கரையோரத்தில் இடம் கொடுத்தார்கள். அந்தக் குடியிருப்புதான் இன்றைய சியாட்டில்.

அதுவரை அப்பகுதியில் மரம் அறுக்கும் ரம்பத்தை ஓட்ட அருவி வேண்டும். டம்வாட்டர் என்னும் ஊரின் மில் அப்படித்தான் ஓடியது. ஆனால் அருவி இருக்கும் இடத்திலெல்லாம் பெரிய கப்பல் வராது. சியாட்டில் கரையிலோ ஆழமான கடல் உண்டு. பலகைக்குக் காத்திருந்த சான் பிரான்சிஸ்கோவுக்கு அங்கிருந்தே கப்பலேற்றலாம். 1853-இல் ஓடத் தொடங்கிய யெஸ்லரின் மில்லுக்கு அருவியே வேண்டியிருக்கவில்லை. அது நீராவி மில்.

தண்ணீர் ஆவியானால் சாதாரண அழுத்தத்தில் சுமார் 1,700 மடங்கு இடம் கேட்கும். மூடிய கொதிகலனில் அந்த இடம் கிடைக்காததால் அழுத்தம் ஏறுகிறது. அது சிலிண்டருக்குள் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டனின் முன்பின் ஓட்டத்தைக் கிராங்க் என்னும் வளைந்த தண்டு சுழற்சியாக்குகிறது. பிஸ்டன் இரு முனைகளைத் தொடும் கணங்களில் நீராவியால் கிராங்கைத் திருப்ப முடியாது. ஃபிளைவீல் என்னும் கனத்த இரும்புச் சக்கரம் தன் வேகத்தால் அந்தக் கணத்தைக் கடத்திவிடும். ரம்பம் மரத்தின் கணுவைக் கடிக்கும்போதும் தடுமாறாமல் காப்பது அதுவே.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது எரிபொருள் கணக்கு. அக்கால ரம்பம் ஒவ்வோர் அறுப்புக்கும் கால் அங்குல அளவு மரத்தைத் தூளாக்கிவிடும். ஓர் அங்குலப் பலகை நான்கு அறுத்தால் ஒரு பலகை தூளாகப் போயிற்று. தூளும் பட்டைத் துண்டுகளும் நீராவி மில்லின் அடுப்புக்கு விறகு. எஞ்சிய தூளைக் கொட்டியே கரையோரச் சதுப்பு நிலத்தைத் தூர்த்தார்கள்.

குன்றின் மேல் வெட்டிய மரங்களைச் சறுக்கி இறக்கிய பாதை மில் தெருவாயிற்று. இன்று அது யெஸ்லர் வே. மில்லின் சமையற்கூடத்தில் ஊர்க்கூட்டமும் நீதிமன்றமும் நடந்தன. வேலையும் பலகையும் கூடுமிடமும் ஒருவர் கையில் இருந்ததால், அவர் அரசியலுக்கு வந்ததில் வியப்பில்லை. 1874-இலும் 1885-இலும் யெஸ்லர் மேயரானார். இரண்டாம் பதவிக்காலத்தில், 1886 பிப்ரவரியில், சீனத் தொழிலாளர்களை ஒரு கும்பல் வீடுவீடாகப் போய்த் துறைமுகத்துக்கு விரட்டியது. அந்த நகரத்தின் வரலாற்றில் இது பெரிய களங்கம்.

1889 ஜூன் 6-இல் மரத்தால் எழுந்த வணிகப் பகுதி தீக்கிரையானது. அதன் பிறகு அங்கே செங்கல்லாலும் கல்லாலும் மட்டுமே கட்ட வேண்டும் என்று நகரம் சட்டம் போட்டது.