முதல் பிளேஸ்டேஷனுக்கு கேமை போர்ட் செய்யுமுன் போட வேண்டிய மெமரிக் கணக்கு

முதல் பிளேஸ்டேஷனில் மெயின் ரேம் 2 எம்பி, வீடியோ ரேம் 1 எம்பி, சவுண்டு ரேம் 512 கேபி. மொத்தம் மூன்றரை எம்பி என்று கூட்டிப் பார்த்து, வேறு மெஷினுக்கு எழுதிய கேமை இதில் ஓடும்படி மாற்றும் (போர்ட் செய்யும்) வேலையைத் தொடங்கினால் பாதியில் சிக்கிக்கொள்வீர்கள். மூன்றும் தனித்தனி. வீடியோ ரேம் காலியாகக் கிடந்தாலும் அங்கே வைத்த தரவை சிபியு நேரடியாகப் படிக்க முடியாது.

மெயின் ரேமின் முதல் 64 கேபி, கன்சோலின் அடிப்படை மென்பொருளான கெர்னலுக்குப் போய்விடும். மீதியில்தான் உங்கள் புரோகிராம், ஸ்டாக் (புரோகிராம் ஓடும்போது தற்காலிகமாகப் பயன்படுத்தும் இடம்), லெவல் தரவு எல்லாம். பலரும் மறப்பது வரைகலைக் கட்டளைகளுக்கான இடத்தை. டெக்ஸ்சரும் (மேலே போர்த்தும் படம்) நிறச்சாயலும் கொண்ட ஒரு நாற்கோணத்துக்கு 52 பைட். திரையில் 2,000 நாற்கோணங்கள் என்றால் 1,04,000 பைட். ஒரு ஃபிரேம் வரையப்படும்போதே அடுத்ததற்கான கட்டளைகளைத் தயாரிக்கும் இரட்டை பஃபர் என்பதால் இதைப் போல இருமடங்கு.

வீடியோ ரேமில் 320×240 அளவில் இரண்டு ஃபிரேம் பஃபர் (திரைப் படம் இருக்கும் இடம்) ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்தால் 300 கேபி தீர்ந்தது. மிச்சத்தில் 4 பிட் டெக்ஸ்சர் பக்கங்கள் 22 அடங்கும். ஃபிரேம்களுக்குக் கீழே எஞ்சும் 32 வரிகளில் 4 பிட் டெக்ஸ்சர்களுக்கான நிறப் பட்டியல்களை வைக்கலாம். 16 பிட் டெக்ஸ்சர் நான்கு மடங்கு இடம் பிடிக்கும், தவிர்த்துவிடுங்கள்.

பெரும்பாலான போர்ட்டுகள் விழுவது லோடிங்கின்போதுதான். 400 கேபி சுருக்கிய கோப்பு விரிந்தால் 900 கேபி என்று வைத்துக்கொள்வோம். விரிக்கும் நேரத்தில் இரண்டும் ரேமில் இருக்கும்: 1,300 கேபி. லெவல் ஓடும்போது தாராளமாக இருந்த இடம் அந்தச் சில நொடிகளில் போதாமல் போகும். இங்கே விர்ச்சுவல் மெமரி (ரேம் போதாதபோது வட்டில் இடம் எடுத்துக்கொள்ளும் வசதி) கிடையாது, கை கொடுக்க ஆளில்லை. சுருக்கிய கோப்பை வெளியீட்டு பஃபரின் கடைசியில், சிறிது இடைவெளி விட்டு வைத்து அதே இடத்திலேயே விரியுங்கள். அல்லது 2,048 பைட் செக்டர் செக்டராகப் படித்தபடியே விரியுங்கள்.

பிசி கோடில் இருக்கும் மேலாக்கை (malloc, வேண்டும்போது ரேமில் இடம் கேட்டு வாங்கும் முறை) அப்படியே கொண்டுவராதீர்கள். சில லெவல்கள் கடந்ததும் 300 கேபி காலி இருக்கும். ஆனால் துண்டு துண்டாக இருப்பதால் 100 கேபி கேட்டாலும் கிடைக்காது. நிரந்தரமானவற்றைக் கீழிருந்தும், தற்காலிகமானவற்றை மேலிருந்தும் அடுக்கி, லெவல் முடிந்ததும் மொத்தமாகக் கழற்றிவிடுவதே நல்லது.

ரேம் போதாவிட்டால் அவ்வப்போது சிடியிலிருந்து படித்துக்கொள்ளலாம் என்பதும் எளிதல்ல. இரட்டை வேக டிரைவ் நொடிக்கு 300 கேபிதான் தரும். 1 எம்பிக்கு மூன்றரை நொடி, லென்ஸ் நகரும் நேரம் தனி. ஆடியோ டிராக் ஓடும்போது தரவு படிக்க முடியாது, லென்ஸ் ஒன்றுதான். ஒரு லெவலுக்குத் தேவையான அனைத்தையும் ஒரே கோப்பாகத் தொடர்ச்சியாக எழுதுங்கள். ஒரே டெக்ஸ்சர் பத்து இடத்தில் திரும்ப வந்தாலும் பரவாயில்லை, சிடியில் இடத்துக்குப் பஞ்சமில்லை.

இவ்வளவும் செய்து அடங்காவிட்டால் ஆட்டத்தின் வடிவத்திலேயே கை வைக்க வேண்டும். எக்ஸ்-மென் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டர் என்ற சண்டை கேமில் நடந்தது அதுதான்: சேகாவின் சாட்டர்ன் கன்சோல் பதிப்பு 4 எம்பி ரேம் கார்ட்ரிஜ் துணையோடு சண்டைக்கு நடுவே ஆள் மாற்றும் வசதியைக் காப்பாற்றியது, பிளேஸ்டேஷன் பதிப்பு அதைக் கைவிட்டது. இந்த முடிவை முதல் வாரத்திலேயே எடுங்கள். எமுலேட்டரில் (கன்சோலைப் போலவே இயங்கிக் காட்டும் மென்பொருள்) 8 எம்பி டெவலப்மென்ட் ரேமும் வேகமான சிடி வாசிப்பும் அணைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். உண்மையான கன்சோலில் ஓட்டிப் பார்க்காமல் அளவு சரி என்று முடிவுகட்டாதீர்கள்.