அரியர் வைத்தவருக்கும் செகண்ட் இயர் உண்டு

பாலக்கோடு பக்கத்துக் கிராமம். பிஎஸ்சி கணிதம் முதலாண்டு படித்த பெண். நவம்பர் தேர்வில் மூன்று தாள் போயிற்று, ஏப்ரலில் இன்னும் இரண்டு. "இத்தனை அரியர் வெச்சுக்கிட்டு செகண்ட் இயர் எப்படிப் போவ? டிசி வாங்கிக்கோ" என்று கல்லூரி அலுவலகத்தில் யாரோ சொல்லியிருக்கிறார். அப்பாவும் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்துவிட்டார். பெண் இப்போது ஓசூரில் ஒரு கம்பெனிக்கு விடியற்காலை வேன் ஏறுகிறாள். தருமபுரியில் அரியர் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிற என் காதுக்கு இது வந்து சேர்ந்தபோது எட்டு மாதம் ஓடியிருந்தது.

அலுவலகத்தில் சொன்னது போல ஒரு விதியே கிடையாது.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கலை அறிவியல் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. முதல் செமஸ்டரிலிருந்து கடைசி செமஸ்டர் வரை, எத்தனை தாளில் தோற்றிருந்தாலும், மாணவர் அடுத்த செமஸ்டருக்குப் போகலாம். தோற்ற தாள்களைப் பொறுத்தவரை நிபந்தனை ஒன்றுதான்: அடுத்த தேர்வுக்குப் பணம் கட்டும்போது பழைய தாள்களையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். இது கலை அறிவியல் படிப்புக்கு. இன்ஜினியரிங் விதி வேறு, அதை இங்கே கலக்கவில்லை.

செகண்ட் இயர் வாசலில் ஆளை நிறுத்துவது வருகைப்பதிவு. எல்லாரும் மார்க்கைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், அட்டெண்டன்ஸைப் பார்த்து ஒருவரும் பயப்படுவதில்லை. ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்துக்கொள்வோம். 75 சதவீதம் என்றால் 67.5, அதாவது 68 நாள் வந்திருக்க வேண்டும். 59 முதல் 67 நாள் வரை வந்தவர் காரணம் எழுதி, கட்டணம் கட்டி, முதல்வரின் பரிந்துரையோடு தேர்வு எழுதலாம். 45 முதல் 58 வரை என்றால் அந்த செமஸ்டர் தேர்வை அப்போது எழுத முடியாது. ஆனாலும் அடுத்த செமஸ்டருக்குப் போய், அந்தத் தாள்களைப் பிறகு எழுதலாம். 45-க்கும் கீழே போனால் அந்த செமஸ்டரையே மறுபடி படிக்க வேண்டும். உண்மையில் ஆண்டு வீணாவது இங்கேதான்.

நம் ஊரில் இது எப்படி நடக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. மாங்கூழ் ஆலையில் சீசன் வேலை, சிப்காட்டில் நைட் ஷிப்ட், பெங்களூரில் கட்டட வேலைக்குப் போன அப்பா அம்மாவுக்குத் துணையாக ஒரு மாதம். யாரும் சும்மா ஊர் சுற்றவில்லை. ஆனால் பதிவேட்டில் காரணத்துக்கு இடமில்லை. காய்ச்சலில் படுத்தால் அன்றைக்கே மருத்துவச் சான்று வாங்கிவிடுங்கள். செமஸ்டர் முடியும்போது பழைய தேதிக்குச் சான்று தேடினால் அதை யாரும் நம்ப மாட்டார்கள். மாதம் ஒருமுறை உங்கள் நாள் கணக்கைத் துறையில் கேட்டு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஹால் டிக்கெட் கொடுக்கிற அன்றைக்குத்தான் "உனக்கு அட்டெண்டன்ஸ் இல்லை" என்பார்கள். அப்போது சண்டை போட்டுப் பயனில்லை.

மார்க்கிலும் ஒரு பொறி உண்டு. இன்டர்னல் 25, பல்கலைக்கழகத் தேர்வு 75. இரண்டும் சேர்ந்து 40 வந்தால் பாஸ் என்று பாதிப்பேர் நினைக்கிறார்கள். தேர்வில் மட்டும் தனியாக 30 எடுக்க வேண்டும். இன்டர்னலில் 20, தேர்வில் 29, மொத்தம் 49 என்றாலும் ஃபெயில்தான். இதைத் திருப்பிப் போட்டும் பாருங்கள். இன்டர்னலில் வெறும் 7 வாங்கியவர் தேர்வில் 30 எடுத்தால் 37, அதுவும் ஃபெயில். அவருக்கு 33 வேண்டும். இன்டர்னலில் வாங்கியது அரியர் எழுதும்போதும் கூடவே வரும். அதனால் அசைன்மென்டை ஒப்பேற்றிக் கொடுக்காதீர்கள்.

இனி பணம் கட்டும் இடம். அறிவிப்பு பலகையில் ஒட்டிய தாள் மழையில் நனைந்து கிழிந்துபோகும், வாட்ஸ்அப் குழுவில் வந்தது அரட்டைக்கு அடியில் போய்விடும். கடைசித் தேதியைத் தாண்டினால் அபராதம், அதையும் தாண்டினால் ஆறு மாதம். அரியர் தாளின் குறியீட்டை நினைவிலிருந்து எழுதாமல் மார்க் ஷீட்டைப் பார்த்து எழுதுங்கள். ஓர் எழுத்து மாறினால் வேறு தாளுக்குப் பணம் கட்டியிருப்பீர்கள். ரசீதை போனில் படம் பிடித்து வையுங்கள். ஹால் டிக்கெட் வந்ததும், அதில் அரியர் தாள்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று எண்ணுங்கள். வீட்டுக்கு வந்து எண்ணியவர்கள் என்னிடம் அழுதிருக்கிறார்கள். தமிழ், ஆங்கிலம், பகுதி நான்கில் வரும் சுற்றுச்சூழல் கல்வி போன்ற சின்னத் தாள்கள் எதையும் விடாதீர்கள். கணக்கில் எல்லாம் முடித்துவிட்டு ஆங்கிலத்தில் ஒரே தாள் நிற்பதால் டிகிரி வாங்காத பையன்கள் எனக்கு நாலைந்து பேரைத் தெரியும்.

சரி, படிப்பது எப்படி? 2023 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரில் இயற்கணிதமும் முக்கோணவியலும், வகை நுண்கணிதம். இரண்டாவதில் பகுமுறை வடிவியல், தொகை நுண்கணிதம். தாளுக்கு ஐந்து யூனிட். அரியர் பிள்ளைக்கு நான் ஐந்தையும் கையில் கொடுப்பதில்லை. பழைய வினாத்தாள்களை எடுத்து வைத்து, மூன்று யூனிட்டை முழுசாகப் பிடிக்கச் சொல்வேன். கெய்லி ஹாமில்டன் தேற்றத்தைச் சரிபார்த்து நேர்மாறு அணி காண்பது, லெய்ப்னிட்ஸ் தேற்றம், ஆய்லர் தேற்றம் போன்றவை கை பழகினால் வந்துவிடும். படித்தால் வராது, எழுதினால்தான் வரும். தமிழ் வழியில் வந்த பிள்ளைகளுக்குக் கணக்கு தெரியும், வினாதான் புரியாது. அவர்கள் வினாவில் வரும் ஆங்கிலச் சொற்களை மட்டும் நூறு எழுதிப் படித்தாலே பாதி பயம் போகும்.

எதை முதலில் முடிப்பது என்று கேட்டால், தொகை நுண்கணிதம். இதை விதி கேட்கவில்லை, பாடம் கேட்கிறது. இரண்டாம் ஆண்டு தொடங்கியதும் வகைக்கெழுச் சமன்பாடுகள் வரும். தொகையிடத் தெரியாதவர் முதல் வாரத்திலேயே கை கட்டி உட்கார வேண்டியதுதான். வெக்டர் கால்குலஸில் கிரீன், ஸ்டோக்ஸ் தேற்றங்கள் எல்லாம் இரட்டைத் தொகையீட்டின் மேல் நிற்பவை. ஒரு தாளை விட்டால் மூன்று தாளாகத் திரும்பி வரும்.

28, 29 வாங்கித் தோற்றவர்கள் மறுமதிப்பீட்டை யோசியுங்கள். முடிவு வந்த பிறகு அதற்குக் கிடைப்பது சில நாள்கள்தான், அன்றே தேதியைப் பாருங்கள். விடைத்தாளைப் பார்ப்பது மாணவரின் உரிமை என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் சொல்லிவிட்டது. "அதெல்லாம் தர மாட்டோம்" என்றால் அதை எழுத்தில் கேளுங்கள். எந்த மனுவைக் கொடுத்தாலும் இரண்டு நகல் எடுத்துப் போய் ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். கூச்சமாக இருக்கும், இருக்கட்டும். அப்புறம், அசல் சான்றிதழ்களைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று யுஜிசி 2018-லேயே அறிவித்திருக்கிறது.

சேலம் போயே ஆக வேண்டும் என்றால், தொப்பூர் கணவாய் தாண்டி சேலத்துக்குள் நுழைவதற்கு முன்பே, கருப்பூர் பக்கம் பல்கலைக்கழகம் வந்துவிடும். பஸ் அங்கே நிற்குமா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். கல்லூரி முதல்வரின் கடிதம் இல்லாமல் கிளம்பாதீர்கள். "காலேஜ் மூலமா வாங்க" என்ற ஒரே வாக்கியத்தில் ஒரு நாள் கூலி போய்விடும்.

டிசி வாங்கிய அந்தப் பெண்ணுக்கு மறுசேர்க்கைக்கு மனு எழுதியிருக்கிறோம். அவளுக்கு மாதம் வந்துகொண்டிருந்த புதுமைப் பெண் ஆயிரம் ரூபாயும் படிப்போடு நின்றுபோனது. மனுவை முதல்வரிடம் நேரில் கொடுக்க வேண்டும், அலுவலகம் திறந்திருக்கும் நேரத்தில். அவளுக்கு அடுத்த வார விடுப்பு ஞாயிற்றுக்கிழமை போட்டிருக்கிறார்கள்.